அம்மாவின் மேசை விளக்கு: சாயம் அடித்து, மிச்சத் துணியில் குடை போட முடியுமா?

ஜெலுத்தோங் மல்லி
வணக்கம் எல்லாருக்கும். அம்மாவின் தையல் மிஷினுக்குப் பக்கத்தில் 30 வருடத்துக்கு மேல் நின்ற மேசை விளக்கு ஒன்று என் கையில் இருக்கிறது. கால் பகுதி உலோகம், பித்தளை நிறத்தில் பூச்சு, அது பாதி உரிந்து, அடிவட்டத்தைச் சுற்றித் துரு ஏறிவிட்டது. எங்கள் ஃபிளாட் கடலுக்குப் பக்கம் என்பதால் இரும்பு என்று எதை வைத்தாலும் உப்புக் காற்று விடுவதில்லை. மேலே உள்ள குடையின் துணி மஞ்சளாகி, விரல் பட்டாலே பொடியாக உதிர்கிறது.

அம்மா கண்புரை அறுவை சிகிச்சை முடிந்து கூலிமில் அண்ணன் வீட்டில் இருக்கிறார். அடுத்த மாதக் கடைசியில் பினாங்கு திரும்புவார். வீட்டுக்குள் நுழைந்ததும் முதலில் மிஷின் முன்னால்தான் உட்காருவார், அது எனக்கு நிச்சயம். அதற்குள் இந்த விளக்கைச் சரிசெய்து அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். புதிது வாங்க மனமில்லை. அம்மா வெட்டிய துணி எதையும் வீசியதில்லை. பிளவுஸ் தைத்து மிஞ்சியது, பாவாடை ஓரம், அப்பாவின் பாத்திக் சட்டையின் முதுகுப்பக்கம் எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் அடைத்துக் கிடக்கிறது. அதிலிருந்தே குடை போடலாமா? காலுக்கு என்ன சாயம் அடிப்பது? செய்தவர்கள் சொல்லுங்கள்.

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
தாராளமாகச் செய்யலாம் மல்லி. ஒரே ஒரு வேண்டுகோள், பழைய குடைத் துணியைக் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பிளேடால் ஒட்டு இருக்கும் இடத்தை மட்டும் மெல்லக் கீறி, முழுசாகக் கழற்றிச் செய்தித்தாள் மேல் விரித்து வையுங்கள். அதுதான் உங்களுக்கு அளவு. கம்பிச் சட்டம் எப்படி இருக்கிறது, மேலும் கீழும் இரண்டு வளையம் மட்டுமா, இல்லை நடுவில் நிற்கும் கம்பிகளும் உண்டா? இரண்டுக்கும் வேலை வேறு.

பிறை வயர்மேன்
தங்கச்சி, துணியும் சாயமும் அப்புறம். முதலில் வயரைப் பாருங்கள். அந்தக் காலத்து மேசை விளக்கில் பலதில் இரண்டு கம்பி வயர்தான் இருக்கும், உலோகக் காலுக்கு எர்த் இருக்காது. வயரின் மேல்தோல் காய்ந்து விறைத்திருந்தால், வளைத்தால் வெடிப்பு தெரிந்தால், அதை அப்படியே வைத்துக்கொண்டு மேலே அழகுபடுத்துவது ஆபத்து. உள்ளே காப்பு விட்டு, செம்பு உலோகத்தில் பட்டால் கால் முழுதும் மின்சாரம் ஏறும். அம்மா ஒரு கையால் விளக்கைத் தள்ளி, இன்னொரு கையால் மிஷின் சக்கரத்தைப் பிடிப்பார், அதை நினைத்துப் பாருங்கள்.

பிளக்கைக் கழற்றிவிட்டு உள்ளே வயர்கள் என்ன நிறம் என்று சொல்லுங்கள். எவ்வளவு ஆம்பியர் ஃபியூஸ் என்றும் பாருங்கள்.

செந்தூல் பழம்பொருள்
நான் இதற்கு எதிராகப் பேசப் போகிறேன், மன்னிக்கவும். பித்தளை என்றால் சாயம் அடிக்காதீர்கள். லோரோங் கூலிட் சந்தையில் பித்தளைக் கால் விளக்குகளுக்கு வெள்ளையும் கறுப்பும் அடித்து வைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்தாலே நம் வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி மின்னும். சாயம் ஒரு தடவை ஏறிவிட்டால் அந்தச் செதுக்கல் வேலை எல்லாம் மூடிப்போகும், மறுபடி எடுப்பது பெரிய பாடு. முதலில் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். குளிர்பெட்டியில் ஒட்டி வைக்கிற காந்தமே போதும். ஒட்டினால் உள்ளே இரும்பு, பித்தளை வெறும் மேல்பூச்சு. ஒட்டாவிட்டால் அடிப்பக்கம் கண்ணில் படாத இடத்தில் கொஞ்சம் சுரண்டுங்கள்: உள்ளேயும் மஞ்சள் என்றால் பித்தளை, சாம்பல் நிறம் வந்தால் வேறு ஏதோ வார்ப்பு உலோகம்.

ஜெலுத்தோங் மல்லி
காந்தம் பளிச்சென்று ஒட்டிக்கொண்டது அண்ணே. துரு பிடித்தபோதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் நீங்கள் சொன்னதால் குழிந்த இடம் எல்லாவற்றிலும் வைத்துப் பார்த்தேன், முழுக்க இரும்பு.

வயர்மேன் அண்ணே, பிளக்கைத் திறந்தேன். சிவப்பு ஒன்று, கறுப்பு ஒன்று, அவ்வளவுதான். ஃபியூஸ் 13 ஆம்பியர். வயரை விளக்கின் அடியில் வளைத்தபோது தோல் இரண்டு இடத்தில் பிளந்து, உள்ளே செம்பு தெரிந்தது. இத்தனை வருடம் அம்மா இதன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

ஊசிநூல் அக்கா, இரண்டு வளையம் மட்டும்தான், நடுவில் கம்பி இல்லை. துணிக்கு உள்ளே பிளாஸ்டிக் மாதிரி ஒரு தகடு ஒட்டியிருக்கிறது, அதுவும் முறுமுறுவென்று உடைகிறது.

செந்தூல் பழம்பொருள்
இரும்பு என்றால் சரி, என் ஆட்சேபத்தைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். சாயம் அடிக்காவிட்டால்தான் அதற்குக் கெடுதல்.

பிறை வயர்மேன்
வயரை முழுதாக மாற்றிவிடுங்கள். மூன்று கம்பி உள்ள வளையும் வயர், 0.75 சதுர மி.மீ. போதும், மேசை விளக்குக்கு அதுவே தாராளம். பழுப்பு லைவ், நீலம் நியூட்ரல், பச்சை மஞ்சள் எர்த். அந்தப் பச்சை மஞ்சளை விளக்கின் உலோக உடம்போடு ஒரு திருகாணி வைத்து இறுக்க வேண்டும், சாயத்தின் மேல் வைத்து இறுக்கினால் தொடர்பு கிடைக்காது, அந்த இடத்தை மட்டும் சுரண்டி வெறும் இரும்பு தெரிய வையுங்கள். பல்பு மாட்டும் ஹோல்டரும் பித்தளையில் செய்ததாக இருந்தால் அதுவும் எர்த்தோடு சேர வேண்டும். சுவிட்ச் பழுப்புக் கம்பியில்தான் வர வேண்டும், நீலத்தில் வந்தால் விளக்கு அணைந்திருக்கும்போதும் ஹோல்டரில் மின்சாரம் நிற்கும்.

ஃபியூஸ் 3 ஆம்பியர் போடுங்கள். இங்கே 230 வோல்ட்டில் 3 ஆம்பியர் என்றால் 690 வாட் வரை தாங்கும், ஒரு பல்புக்கு அதற்கு மேல் எதற்கு? 13 ஆம்பியர் போட்டால், கோளாறு வரும்போது மெல்லிய வயர் சூடாகி உருகும், ஃபியூஸ் அப்படியே உட்கார்ந்திருக்கும். அடிவட்டத்தில் வயர் நுழையும் ஓட்டையில் ஒரு ரப்பர் வளையம் மாட்டுங்கள், உங்கள் பழைய வயர் பிளந்ததற்குக் காரணமே அந்த இரும்பு விளிம்பு அறுத்ததாக இருக்கலாம். பிளக்கும் ஹோல்டரும் சிரிம் (மலேசியத் தரச் சான்று) முத்திரை பார்த்து வாங்குங்கள். கை நடுங்கினால் சாயம் காய்ந்த பிறகு தெரிந்த வயர்மேனிடம் கொடுங்கள், அரை மணி நேர வேலை.

பாயான் லெப்பாஸ் பட்டறை
சாயத்துக்கு நான் சொல்கிறேன் அக்கா. கார்களுக்கு ஸ்பிரே அடிக்கிற பட்டறையில் 11 வருடம் இருக்கிறேன். ஹோல்டர், வயர் எல்லாம் கழற்றி எடுத்துவிட்டு, பாத்திரம் கழுவும் சோப்பில் காலைக் கழுவிக் காய வையுங்கள். சமையல் எண்ணெய்ப் படலம் அதில் கண்டிப்பாக இருக்கும், கழுவாமல் அடித்தால் சாயம் மீன்கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகும். அப்புறம் கம்பி பிரஷ்ஷால் துருவை எடுங்கள், 120 மணல் தாள், அதன் மேல் 240, கடைசியில் 400. பழைய பூச்சில் ஈயம் இருக்குமோ என்று தெரியாதபோது உலர்வாகத் தேய்க்கக் கூடாது, தண்ணீர் தொட்டுத் தேய்த்து, சேற்றைத் துணியால் துடைத்துக் கட்டிப் போட்டுவிடுங்கள். முகக்கவசம் கட்டாயம். பிள்ளைகள் பக்கத்தில் வேண்டாம்.

இரும்புக்கு அடிச்சாயம் அவசியம், துரு தடுக்கும் பிரைமர் என்று கேளுங்கள். அது இல்லாமல் மேல்சாயம் அடித்தால் நம் ஊர்க் காற்றில் சீக்கிரமே கொப்புளம் வரும். மேலே ஸ்பிரே டப்பா போதும், பைலாக்ஸ் எல்லாக் கடையிலும் கிடைக்கும். 20, 25 செ.மீ. தள்ளி நின்று, கையை நிறுத்தாமல் மெல்லிய அடுக்காக மூன்று நான்கு தடவை. ஒரே தடவையில் மூடிவிட ஆசைப்பட்டால் வழியும். மழை நாளில் அடிக்காதீர்கள், இதை மட்டும் மறக்கவே வேண்டாம்.

ஜெலுத்தோங் மல்லி
தம்பி, அதை மறந்துவிட்டேன். சனிக்கிழமை மதியம் மழை விட்டதும் கீழே கார் நிறுத்துமிடத்தில் பெரிய அட்டைப் பெட்டிக்குள் வைத்து அடித்தேன். கடைக்காரர் இந்தச் சாயத்துக்குப் பிரைமர் தேவையில்லை என்று அடித்துச் சொன்னார், நீங்கள் சொன்னதை நினைத்து நான் வாங்கிவிட்டேன், அந்த மட்டும் நல்லது. பிரைமர் அழகாக வந்தது. மேலே அடர்பச்சை அடித்தேன், மிஷின் மேசைக்குப் பொருத்தமாக இருக்கும் என்று. அடித்து முடித்த பத்து நிமிடத்தில் கண் முன்னாலேயே பச்சை வெளுத்து, பால் ஊற்றிய மாதிரி வெண்படலம் படர்ந்துவிட்டது. அழுகையே வந்தது. எல்லாவற்றையும் சுரண்ட வேண்டுமா?

பாயான் லெப்பாஸ் பட்டறை
வேண்டாம் வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை. சாயத்தில் உள்ள திரவம் ஆவியாகும்போது மேல்பரப்பு குளிர்ந்து காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்துக்கொண்டது, அதுதான் அந்த வெளுப்பு. இரண்டு நாள் காய விடுங்கள். 400 தாளால் மேலோட்டமாகத் தடவி, துடைத்துவிட்டு, வெயில் நல்லா ஏறின பதினொரு மணி வாக்கில் ஒரே ஒரு மெல்லிய அடுக்கு அடியுங்கள். டப்பாவை முன்னால் வெதுவெதுப்பான தண்ணீரில் (கொதிநீரில் இல்லை) ஐந்து நிமிடம் நிற்க வைத்துக் குலுக்கினால் தூவல் இன்னும் மென்மையாக வரும்.

ஜெலுத்தோங் மல்லி
செவ்வாய் லீவு எடுத்துச் செய்தேன். வெயில் காய்ந்தது. வெண்படலம் போய்விட்டது, பச்சை இப்போது மாவிலை நிறம். நன்றி தம்பி, நன்றி.

இனித் துணி. தலையணை உறையைக் கொட்டி எல்லாவற்றையும் கட்டிலில் விரித்தேன். ஊதாப் பட்டு பிளவுஸ் துண்டு ஒன்று கண்ணைப் பறிக்கிறது, அதையே சுற்றிலும் போடலாம் என்று நினைக்கிறேன். அளவு போதாத இடத்துக்குச் சிவப்புப் பருத்தி.

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
மல்லி, கொஞ்சம் பொறுங்கள். கட்டிலில் விரித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தால் ஏமாந்துவிடுவீர்கள். விளக்குக் குடைக்குத் துணி பார்ப்பது சேலைக்குப் பிளவுஸ் பார்ப்பது மாதிரி இல்லை. சேலையில் வெளிச்சம் துணியின் மேல் விழுகிறது. குடையில் வெளிச்சம் துணிக்குள்ளே இருந்து வெளியே வருகிறது. அது முற்றிலும் வேறு துணி ஆகிவிடும். நான் 15 வருடமாகக் குடை போட்டுக் கொடுக்கிறேன், என் கடையில் பல்பு எரியாமல் யாருக்கும் துணி காட்டுவதில்லை.

இன்றைக்கு ராத்திரி கூடத்து விளக்கை அணைத்துவிட்டு, ஒரு பல்பை எரியவிட்டு, ஒவ்வொரு துண்டையும் அதற்கு முன்னால் ஒரு சாண் தள்ளிப் பிடித்துப் பாருங்கள். ஊதாப் பட்டு கறுப்பாகத் தெரியும் என்று நினைக்கிறேன், ஜரிகை இருந்தால் கறுப்புக் கோடு கோடாக விழும். சிவப்பு அறை முழுதும் சிவப்பைத் தெளிக்கும், அம்மா நூல் நிறம் பார்த்துக் கோர்க்கவே முடியாது. பகலில் ஒன்றுமில்லாத மாதிரி கிடக்கிற வெளிறிய பூப்போட்ட வாயில் (மெல்லிய பருத்தித் துணி), சுங்குடி, பழைய பாத்திக், இவைதான் எரியும்போது உயிர் பெறும். பாத்திக்கில் மெழுகு இட்டுச் சாயம் தோய்ப்பதால் நிறம் இழைக்குள்ளேயே இறங்கியிருக்கும், உள்பக்கமும் வெளிப்பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோல இருக்கும், வெளிச்சம் ஊடுருவும்போது அந்த மெழுகு வெடிப்பின் மெல்லிய நரம்புகள்கூடத் தெரியும். மேலே மட்டும் அச்சடித்த துணியில் அது கிடைக்காது.

பிறை வயர்மேன்
பாலியெஸ்டர் மட்டும் வேண்டாம், சூட்டில் உருகி ஒட்டும். அதே காரணத்துக்காகப் பழைய குண்டு பல்பும் வேண்டாம், அதில் போகிற மின்சாரத்தில் பெரும்பகுதி சூடாகத்தான் வெளியே வருகிறது. எல்இடி போடுங்கள், 9 வாட்டில் பழைய 60 வாட் வெளிச்சம் கிடைக்கும். எல்இடியும் அடிப்பாகத்தில் சூடாகும் என்பதால் குடையின் மேல்வாயைத் துணியால் மூடாமல் திறந்தே விடுங்கள்.

ஜெலுத்தோங் மல்லி
அக்கா, ராத்திரி பிடித்துப் பார்த்தேன். நீங்கள் சொன்னது அப்படியே. பட்டு கரித்துணி மாதிரி நின்றது. பழுப்பேறிப் போயிற்று என்று நான் ஒதுக்கி வைத்த அப்பாவின் பாத்திக் சட்டை, விளக்கு முன்னால் தேன் நிறத்தில் எரிந்தது. ஐந்தாம் வகுப்பில் நான் போட்ட பாவாடையின் ஓரம், சின்ன நீலப்பூ, அதுவும் அழகு. ஆனால் எதுவும் ஒரு சுற்றுக்குப் போதாது. பெரிய துண்டே 40 செ.மீ. தேறவில்லை. வளையங்கள் கீழே 30 செ.மீ. விட்டம், மேலே 20, சாய்வு உயரம் 22.

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
அப்படியானால் துண்டு சேர்த்துத் தைக்க வேண்டியதுதான், அது இன்னும் அழகு. அளவைச் சொல்கிறேன். பழைய துணி உதிர்ந்துவிட்டதால் கணக்குப் போட்டே வரைவோம். சாய்வு 22ஐக் கீழ்விட்டம் 30ஆல் பெருக்கி, இரண்டு விட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் 10ஆல் வகுத்தால் 66. செய்தித்தாள்களை ஒட்டிப் பெரிதாக்கித் தரையில் போட்டு, ஒரு ஓரத்தில் ஆணியைப் பிடித்து, 66 செ.மீ. நூலில் பென்சிலைக் கட்டி வில் மாதிரி ஒரு கோடு. அதே ஆணியிலிருந்து 44 செ.மீ.யில் இன்னொன்று. வெளிக்கோட்டில் 94.2 செ.மீ. அளந்து நிறுத்துங்கள், அதுதான் கீழ்வளையத்தின் சுற்றளவு. ஒட்டுக்கு 1.5 செ.மீ. கூட விடுங்கள்.

இதை எட்டாகப் பிரித்தால் ஒவ்வொரு துண்டும் கீழே ஏறக்குறைய 11.8, மேலே 7.9. தையலுக்கு இரண்டு பக்கமும் அரை அரை செ.மீ., மேலேயும் கீழேயும் வளையத்தில் மடிக்க 1.5. பிளவுஸ் கை வெட்டி மிஞ்சுகிற துண்டு எப்போதுமே ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல் தானே, உங்கள் உறையில் பாதிக்கு மேல் இந்த வடிவத்திலேயே இருக்கும் பாருங்கள்.

கவனிக்க வேண்டியது தையலின் பின்பக்கம். விளக்கு எரிந்தால் உள்மடிப்பு அத்தனையும் இருட்டுக் கோடாகத் தெரியும். ஒரு இடத்தில் தடியாகவும் ஒரு இடத்தில் மெல்லியதாகவும் விட்டால் கிழிந்ததை ஒட்டுப்போட்ட மாதிரி ஆகிவிடும். எல்லா மடிப்பையும் ஒரே அரை செ.மீ.க்கு வெட்டி, இரண்டு பக்கமும் விரித்து இஸ்திரி போட்டால் எட்டு நேர் கோடு கிடைக்கும், குடைக் கம்பி மாதிரி. துணியை முன்னாலேயே நனைத்துக் காய வையுங்கள், பருத்தி சுருங்கும்.

சுங்கை பட்டாணி வாசகி
இடையில் வருகிறேன். அரிசிக் கஞ்சி போட்டுத் துணியை விறைப்பாக்கினால் துணிக்கு உள்ளே ஒட்டுகிற அந்தத் தகடு வாங்கும் செலவு மிச்சமாகுமே? பாட்டி அப்படித்தான் செய்வார்.

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
சேலைக்குச் சரி அம்மா, அதைத் துவைக்கிறோம். குடையைத் துவைக்க முடியாது. கஞ்சிக்கு வெள்ளிப்பூச்சியும் கரப்பானும் வரும், ஈரத்தில் பூஞ்சையும் பிடிக்கும். குடைக்கென்றே ஒரு பக்கம் பசையுள்ள வெள்ளைத் தகடு விற்கிறார்கள், இணையத்தில் வாங்கலாம். பசைத்தாளை ஒரேயடியாக உரிக்காமல் நான்கு விரல் அளவு உரித்து, துணியைப் படிய வைத்து, கைவைத்து நீவிக்கொண்டே போக வேண்டும். வெள்ளைத் தகடு இருப்பதால் வெளிச்சம் உள்ளேயே சிதறிக் கீழே நன்றாக இறங்கும், தைக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

மல்லி, வளையத்தின் துருவைத் தேய்த்து வெள்ளைச் சாயம் அடித்துவிட்டுத்தான் துணி சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் ஈரக்காற்றில் துருக்கறை ஓரத்தில் இறங்கும்.

பிறை வயர்மேன்
பல்பு நிறத்தையும் யோசியுங்கள். மஞ்சள் வெளிச்சத்தில் பாத்திக் அழகாக இருக்கும், ஆனால் கறுப்பும் கருநீலமும் பிரித்துப் பார்ப்பது சிரமம். 6500 கெல்வின் பகல் வெள்ளை கண்ணை உறுத்தும். 4000 நடுவாந்தரம், என் வீட்டில் பிள்ளைகள் படிக்கிற மேசைக்கு அதுதான்.

ஜெலுத்தோங் மல்லி
முடித்துவிட்டேன். மூன்று பாத்திக், இரண்டு நீலப்பூ, இரண்டு வெளிறிய சந்தன நிற வாயில், ஒன்று யாருடைய பிளவுஸ் என்று எனக்குத் தெரியாத இளம்பச்சை. வளையத்தில் மடித்து ஒட்டும்போது துணிக் கிளிப் 26 போட்டுப் பிடித்து வைத்தேன். வயரை எங்கள் மாடியில் இருக்கிற வயர்மேன் அங்கிள் மாற்றிக் கொடுத்தார், எர்த் சரியாக இருக்கிறதா என்று மீட்டர் வைத்துக் காட்டினார். தகடு, சாயம், வயர், ஹோல்டர், பல்பு எல்லாம் சேர்த்து 83 வெள்ளி (ரிங்கிட்) ஆனது.

அம்மா நேற்று வந்தார். சாயங்காலம் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குடையைத் திருப்பித் திருப்பித் தையலைப் பார்த்தார். இளம்பச்சைத் துண்டில் விரலை வைத்து, இது கிராஸாக, இழைக்குச் சாய்வாக வெட்டின துண்டு, இதை நேர்த்துணியோடு சேர்த்திருக்கிறாய், நாளாக நாளாக இழுபட்டுத் தொங்கும் என்றார். ஊசிநூல் அக்கா, நிஜமாகவே தொங்குமா?

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
சும்மா தைத்து மாட்டியிருந்தால் அம்மா சொல்வதுதான் நடக்கும். தகட்டில் முழுசாக ஒட்டியிருப்பதால் அசையாது, அப்படியே விடலாம். ஆனால் எரிகிற விளக்கில், கண் அறுவை முடிந்து வந்த கையோடு, ஒரு துண்டின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துச் சொன்னாரே. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஜெலுத்தோங் மல்லி
சொன்னேன் அக்கா. தகட்டில் ஒட்டியிருக்கிறது, தொங்காது என்றும் சொன்னேன். கேட்கவில்லை. உறையிலிருந்து அதே இளம்பச்சையில் நேராக வெட்டிய துண்டு ஒன்றைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அந்த ஒன்றை மட்டும் பிரிக்கிறோம். தகட்டில் ஒட்டியதைக் கிழியாமல் உரிக்க இஸ்திரிச் சூடு காட்டலாமா, இல்லை தகடு சுருங்கிவிடுமா?

பிரிக்பீல்ட்ஸ் ஊசிநூல்
இஸ்திரி வேண்டாம், தகடு நெளிந்துவிடும். முடி காய வைக்கிற மிஷினைக் குறைந்த சூட்டில் ஒரு சாண் தள்ளிப் பிடித்து, ஓரத்திலிருந்து நிதானமாக உரியுங்கள். இரண்டு பக்கத் தையலையும் முதலில் பிரித்துவிடுங்கள். புதுத் துண்டின் ஓரங்களை அரை செ.மீ. உள்ளே மடித்து இஸ்திரி போட்டு, பழைய தையல் கோட்டின் மேலேயே வைத்து ஒட்டுங்கள், அப்போதுதான் எட்டுக் கோடும் மாறாமல் இருக்கும்.